அனுப்புநர் பொய் சொன்னால்

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுத்தரும்போது ‘அனுப்புநர்’ மேலே, ‘பெறுநர்’ கீழே என்றுதான் தொடங்குவார்கள். இணையத்தில் ஓடும் ஒவ்வொரு பாக்கெட்டும் அதே வரிசையில்தான் எழுதப்படுகிறது. நான்காம் பதிப்பு ஐ.பி. பாக்கெட்டின் தலைப்பகுதி குறைந்தபட்சம் 20 பைட் நீளம். அதில் 13 முதல் 16 வரையிலான நான்கு பைட்டுகள் அனுப்புநரின் முகவரி. 17 முதல் 20 வரையிலான நான்கும் பெறுநரின் முகவரி. வழியில் நிற்கும் ரூட்டர் கடைசி நான்கை மட்டும் படித்து, எந்தக் கம்பியில் தள்ளிவிட வேண்டும் என்று முடிவு செய்து, தள்ளிவிடும். அதற்கு முந்தைய நான்கை அது பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. அந்த நான்கு பைட்டுகளை எழுதுவது யார் என்று கேட்டால் விடை எளிது: அனுப்பும் கணினியேதான். அது எதை எழுதினாலும் செல்லும். நம் ஊர்களில் மொட்டைக் கடிதம் என்றால் பெயர் போடாமல் எழுதுவது. இங்கே நடக்கக்கூடியது அதைவிடக் கெட்டது. இன்னொருவர் பெயரைப் போட்டு எழுதலாம். அந்தக் கடிதத்துக்கு வரும் பதில்களெல்லாம் ஒன்றுமறியாத அந்த இன்னொருவர் வீட்டு வாசலில் போய்க் குவியும்.

இந்த ஓட்டையை அடைக்கும் வழி 1998 முதல் எழுத்தில் இருக்கிறது. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படாத, பல ரூட்டர்களில் ஒரே வரிக் கட்டளையில் முடிந்துவிடக்கூடிய வழி. ஆனாலும் ஓட்டை முழுதாக அடைபடவில்லை. இணையத்தில் நடக்கும் அத்துமீறல்களைப் பற்றிப் பேசும்போது கெட்டிக்காரத் திருடர்கள், போதாத தொழில்நுட்பம், தூங்கும் போலீஸ் என்றுதான் பேச்சு போகிறது. அதெல்லாம் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி, நோவு ஒரு வீட்டிலும் மருந்து இன்னொரு வீட்டிலும் இருப்பது. நெட்வொர்க் நடத்துபவர்களின் அன்றாடத் தலைவலிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை, அனுப்புநர் முகவரி என்ற அந்த நான்கு பைட்டுகளை வைத்தே காட்டிவிடலாம்.

முதலில் வடிவமைத்தவர்களுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். ஐ.பி. நெறிமுறையின் ஆவணம் வெளியானது 1981 செப்டம்பரில். அதற்கு முந்தைய மாதக் கணக்குப்படி அந்த நெட்வொர்க்கில் இருந்த கணினிகள் 213. பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சிக் கூடங்கள், ராணுவ அலுவலகங்கள். ஒரு கணினி தவறாக நடந்தால் அதன் பொறுப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். அக்ரகாரத்துக்கும் சேரிக்கும் தெரு பிரிந்த ஊரைப்போல் அல்ல, எல்லோரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த ஊர் அது. அங்கே வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் விட்டதை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. ரூட்டரின் வேலையை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு வேகமாக நெட்வொர்க் வளரும் என்ற அவர்களுடைய கணிப்பு பலித்தது. பலித்ததால்தான் ஊர் பெருத்தது. ஊர் பெருத்ததால்தான் தாழ்ப்பாள் தேவைப்பட்டது.

தேவை வெளிச்சத்துக்கு வந்தது 1996 செப்டம்பரில். நியூயார்க்கின் பழைய இணையச் சேவை நிறுவனங்களில் ஒன்றான பானிக்ஸ் பல நாட்கள் திணறியது. உடைத்து உள்ளே புகுந்தவர் எவருமில்லை. இரண்டு கணினிகள் பேசத் தொடங்குமுன் ஒரு சிறு மரியாதைச் சடங்கு உண்டு: ‘பேசலாமா’ என்று ஒன்று கேட்கும், ‘பேசலாம், நீங்கள் தயாரா’ என்று மற்றது சொல்லும், ‘தயார்’ என்று முதலாவது முடித்துவைக்கும். பானிக்ஸின் சர்வர்களுக்கு ‘பேசலாமா’ மட்டும் வந்துகொண்டே இருந்தது, பொய்யான அனுப்புநர் முகவரிகளிலிருந்து. சர்வர் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டுவிட்டு, வராத மூன்றாவது வார்த்தைக்காக ஓர் இடம் ஒதுக்கிக் காத்திருந்தது. ஒதுக்க இருந்த இடங்கள் மிகக் குறைவு. அவை நிரம்பியதும் உண்மையான வாடிக்கையாளருக்கு உட்கார நாற்காலி இல்லை. அதற்குச் சற்று முன்புதான் இரண்டு ஹேக்கர் இதழ்கள் இந்தத் தாக்குதலுக்கான நிரலை அச்சிட்டிருந்தன. அதே மாதத்திலேயே டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற கணிதவியலாளர், இடம் ஒதுக்காமலே காத்திருக்கும் தந்திரம் ஒன்றை முன்வைத்தார்; இன்றைய சர்வர்களில் அது இருக்கிறது. அடிபடுபவர் தன் உடம்பைத் திடப்படுத்திக்கொள்ளும் வழி அது. அதற்கான ஆர்வம் அடிபடுபவருக்குத் தானாகவே இருக்கும் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடிப்பவரின் கையைப் பிடிக்கும் வழியை எழுதியவர்கள் பால் ஃபெர்குசனும் டேனியல் செனியும். 1998 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 2267 என்ற எண்ணோடு வந்த அவர்களுடைய ஆவணம், 2000 மே மாதம் ஆர்.எஃப்.சி. 2827 ஆகத் திருத்தப்பட்டு, ‘சிறந்த நடைமுறை 38’ என்ற தகுதியைப் பெற்றது. அது சொல்வது இவ்வளவுதான். ஒரு சேவை நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு 203.0.113 என்று தொடங்கும் 256 முகவரிகளைக் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வாடிக்கையாளரின் கம்பியிலிருந்து வரும் பாக்கெட்டில் அனுப்புநர் என்று வேறு எந்த முகவரி இருந்தாலும் அது பொய். வாசலிலேயே அதைக் கீழே போட்டுவிட வேண்டும். வாசலில் மட்டுமே இதைச் செய்ய முடியும் என்பதுதான் விஷயத்தின் உயிர்நாடி. அந்தப் பாக்கெட் இரண்டு நெட்வொர்க் தாண்டிவிட்டால், அட்லாண்டிக் கடலடிக் கேபிளின் முனையில் நிற்கும் ரூட்டருக்கு எந்த முகவரி எந்தத் திசையிலிருந்து வருவது நியாயம் என்று சொல்ல வழியே இல்லை. உலகத்து முகவரிகளெல்லாம் அங்கே எல்லாத் திசையிலிருந்தும் வரும். பொய்யைப் பொய் என்று அறியக்கூடிய ஒரே இடம் அது பிறந்த இடம்.

பிறந்த இடத்தில் இருப்பவருக்கோ அதனால் ஒரு நோவும் இல்லை. பொய் முகவரிப் பாக்கெட் அவருடைய நெட்வொர்க்கைவிட்டு வெளியே போகிறது, உள்ளே வரவில்லை. வடிகட்டியைப் போட்டால் காப்பாற்றப்படுவது உலகத்தில் உள்ள மற்ற எல்லோரும், அவரைத் தவிர. போடும்போது கை தவறினால் மட்டும் அவருடைய வாடிக்கையாளரின் இணைப்பு அறுந்து, வசவு அவருக்கு வரும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது அடுத்தவருக்கு மட்டுமே வரும் தலைவலி. அதிலும் இன்னொரு சிக்கல், யார் வடிகட்டுகிறார் யார் வடிகட்டவில்லை என்று வெளியிலிருந்து சோதித்துச் சொல்வதும் கடினம். 2005-ல் அமெரிக்காவில் தொடங்கி, பிறகு சான் டியாகோவின் கைடா ஆய்வு மையத்தின் கைக்குப் போன ‘ஸ்பூஃபர்’ திட்டம் இதற்காகவே தன்னார்வலர்களைத் தேடியது. அவர்கள் தங்கள் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். அது வேண்டுமென்றே பொய் முகவரியோடு சில பாக்கெட்டுகளை அனுப்பிப் பார்த்து, அவை வெளியே போய்ச் சேர்ந்தனவா என்று சொல்லும். 2019-ல் அந்தக் குழு வெளியிட்ட ஆய்வில், சோதனைக்கு உட்பட்ட நெட்வொர்க்குகளில் ஏறத்தாழ கால்வாசி இன்னும் பொய்யை வெளியே விட்டுக்கொண்டிருந்தன. ஆவணம் எழுதி அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கால்வாசிதானே, முக்கால்வாசி திருந்திவிட்டதே என்று தோன்றலாம். இந்த விஷயத்தில் விகிதக் கணக்கு ஏமாற்றும். காரணம், பெருக்கல். பொய் முகவரியின் உண்மையான லாபம் ஒளிந்துகொள்வது மட்டுமல்ல. ஊரார் கையை எடுத்து ஒருவரை அடிப்பது. இணையத்தில் கேட்டவருக்கெல்லாம் பதில் சொல்லும் சர்வர்கள் பல இருக்கின்றன. பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் டி.என்.எஸ். சர்வர், மணி கேட்டால் சொல்லும் என்.டி.பி. சர்வர். மூன்று வார்த்தை மரியாதைச் சடங்கெல்லாம் இவற்றுக்குக் கிடையாது. ஒரு கேள்வி, ஒரு பதில். என்.டி.பி.யின் பழைய பதிப்புகளில் நிர்வாகிகளின் வசதிக்காக ஒரு கட்டளை இருந்தது: கடைசியாக மணி கேட்ட 600 பேரின் பட்டியலைத் தா. கேள்வி ஒரு கைப்பிடி. பதில் ஒரு மூட்டை. அமெரிக்க அரசின் கணினி அவசரக் குழு 2014-ல் இட்ட கணக்கில் இந்தப் பெருக்கம் 557 மடங்கு வரை, டி.என்.எஸ்.ஸுக்கு 28 முதல் 54 மடங்கு. அடிபட வேண்டியவரின் முகவரியை ‘அனுப்புநர்’ இடத்தில் எழுதி இந்தக் கேள்வியைப் பல ஆயிரம் சர்வர்களிடம் கேட்டால், மூட்டைகளெல்லாம் அவர் தலையில் விழும். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது இதற்குப் பொருந்துவதைப்போல் வேறெதற்கும் பொருந்தாது.

2014 பிப்ரவரியில், தளங்களைத் தாக்குதலிலிருந்து காக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஒருவர்மீது நொடிக்கு ஏறக்குறைய 400 ஜிகாபிட் வெள்ளம் இப்படித்தான் பாய்ந்தது. நிறுவனம் பிறகு எண்ணிச் சொன்னது: 1,298 நெட்வொர்க்குகளில் இருந்த 4,529 என்.டி.பி. சர்வர்கள் அதில் பங்கேற்றன. அதோடு அவர்கள் சொன்ன இன்னொன்றுதான் நம் வாதத்துக்கு முக்கியம். இத்தனையையும் தூண்டிவிட, பொய் முகவரியை அனுமதிக்கும் ஒரு நெட்வொர்க்கில் ஒரே ஒரு சர்வர் போதுமாக இருந்திருக்கலாம். ஆக, நெட்வொர்க்குகளில் நூற்றுக்கு 99 திருந்தினாலும் மீதமுள்ள ஒன்றில் தாக்குபவர் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொள்வார். வீட்டு இணைப்புகள் பெரும்பாலும் அவருக்குப் பயன்படாது. வீட்டு ரூட்டர் முகவரியை மாற்றி எழுதும் வேலையைச் செய்வதால் பொய் பல நேரம் தற்செயலாகவே அழிந்துவிடுகிறது. அவர் தேடுவது கேள்வி கேட்காமல் சர்வர் வாடகைக்கு விடும் இடங்களை.

இங்கே வாதத்தை மறுப்பவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். நெட்வொர்க் பொறியாளர்களின் முதல் ஆட்சேபம், ‘ஒரு வரிக் கட்டளை’ என்று மேடையில் பேசுவது சுலபம் என்பது. இது வெற்றுச் சாக்கு அல்ல. ஒரு வங்கியோ பல்கலைக்கழகமோ பாதுகாப்புக்காக இரண்டு சேவை நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கும். ஒன்றிடம் பெற்ற முகவரியைப் போட்டுக்கொண்டு பாக்கெட் மற்றதன் வழியாகப் புறப்படுவது அங்கே சாதாரணம். கண்டிப்பான வடிகட்டி அதைப் பொய் என்று எறிந்துவிடும். வங்கியின் கிளைகள் இருளும். இரவு இரண்டு மணிக்குப் பொறியாளரின் தொலைபேசி அலறும். இந்தப் பல்வழி இணைப்புகளைப் பற்றியே 2004-ல் ‘சிறந்த நடைமுறை 84’ எழுதப்பட்டது. 2020-ல் அதை மேம்படுத்திய முறையும் வந்தது. ஆனால் ஆட்சேபத்தின் எல்லையும் இதிலேயே தெரிகிறது. பல்வழி வாடிக்கையாளர்கள் சிலர். ஒரே கம்பியில் தொங்குபவர்களே மிகப் பலர். சிலருக்கு விதிவிலக்கு தேவை என்பது, மற்ற பலருக்கும் வாசலைத் திறந்துபோட்டதற்குக் காரணமாகாது. பொய் முகவரி தனியுரிமைக்கு உதவுமே என்று சிலர் கேட்பதுண்டு. உதவாது. பொய் முகவரி போட்டவருக்குப் பதில் திரும்பி வராது. பதில் வராமல் ஒரு வலைப்பக்கத்தைக்கூடப் படிக்க முடியாது.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது: பெருக்கித் தரும் சர்வர்களை மூடிவிட்டால் போதுமே, பொய் பேசுபவனைத் தேடுவானேன்? இதற்கு ஆதாரமும் உண்டு. ஜெர்மனியின் போஹும் நகரத்து ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் உலகெங்கும் எச்சரிக்கை அனுப்பும் முயற்சியை நடத்தினார்கள், ஆபத்தான என்.டி.பி. சர்வர்களின் எண்ணிக்கை 92 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இணைய வரலாற்றில் இவ்வளவு வேகமான சுத்தம் அபூர்வம். ஆனால் அது ஏன் பலித்தது என்று பார்த்தால் மறுப்பு என் பக்கமே வந்து சேருகிறது. பெருக்கித் தரும் சர்வரின் சொந்தக்காரருக்கு நோவு இருக்கிறது: அவருடைய வெளியேறும் அலைவரிசை நிரம்பி வழிகிறது, அவருடைய சேவை மெதுவாகிறது. வெளியிலிருந்தே அவரைக் கண்டுபிடித்துவிடவும் முடிகிறது, கதவைத் தட்டினால் பதில் சொல்கிறாரே. இந்த இரண்டும் பொய்யை வெளியே விடுபவரிடம் இல்லை. அதுவுமின்றி, ஒரு வகைச் சர்வரை மூடினால் அடுத்த வகை கிளம்புகிறது. 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளத்தின்மீது நொடிக்கு 1.35 டெராபிட் பாய்ந்தது. சுமார் பத்து நிமிடம் தளம் தடுமாறியது. இம்முறை பெருக்கிக் கொடுத்தது மெம்கேஷ்ட் என்ற தற்காலிக நினைவக மென்பொருள், 51,000 மடங்கு வரை. அதை யாரும் இணையத்துக்குத் திறந்துவைக்க வேண்டிய அவசியமே இல்லை. நிறுவியவர்கள் கவனிக்காமல் விட்டதால் திறந்து கிடந்தது.

மூன்றாவது ஆட்சேபம், பொய் முகவரியின் காலமே போய்விட்டது என்பது. 2016-ல் மிராய் என்ற புழு இணையத்தோடு இணைந்த கேமராக்களையும் வீடியோ பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது. அதன் கையில் இருந்த ஆயுதம், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களின் பட்டியல், அறுபது சொச்சம் ஜோடிகள். செப்டம்பரில் ஒரு பாதுகாப்புப் பத்திரிகையாளரின் தளத்தின்மீது நொடிக்கு 620 ஜிகாபிட். அக்டோபர் 21 அன்று டி.என்.எஸ். சேவை தரும் அமெரிக்காவின் டின் நிறுவனத்தின்மீது, அதனால் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்கு எட்டாமல் போயின. எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சர்வர் வியாபாரப் போட்டியில் தொடங்கிய விவகாரம் என்று தெரிந்தது, 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் தங்கள் சொந்த முகவரியிலிருந்தே அடித்தன. ஒளியத் தேவையில்லை, லட்சக்கணக்கில் இருக்கிறோமே என்ற தைரியம்.

உண்மை முகவரி தெரிகிறது என்றால் பிடித்துவிடலாமே! இங்கேதான் நெட்வொர்க் நிறுவனங்களின் அத்துமீறல் புகார் மேசைக்குப் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். 1997-ன் ஒரு ஆவணம், ஒவ்வொரு நிறுவனமும் ‘அப்யூஸ்’ என்று தொடங்கும் மின்னஞ்சல் முகவரி ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கச் சொல்கிறது. அதில் வந்து விழுபவற்றில் மிகப் பெரும்பாலானவை இயந்திரம் எழுதி இயந்திரம் அனுப்பிய புகார்கள்: உங்கள் முகவரி எங்கள் கதவைத் தட்டிப் பார்த்தது, உங்கள் முகவரியிலிருந்து எரிதம் (வேண்டாத விளம்பர அஞ்சல்) வந்தது, உங்கள் முகவரியில் யாரோ எங்கள் படத்தைப் பகிர்கிறார்கள். ஒன்றைத் திறந்து பார்ப்போம். ஓர் ஐ.பி. முகவரி, ஒரு நேரம். எந்த நாட்டு நேரம் என்று போடவில்லை. இந்திய நேரமா கிரீன்விச் நேரமா என்பதில் ஐந்தரை மணி வித்தியாசம். போர்ட் எண் இல்லை. இது ஏன் பெரிய குறை? உலகில் நான்காம் பதிப்பு முகவரிகள் தீர்ந்துபோனதால், சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் பல வாடிக்கையாளர்களை நிற்கவைத்திருக்கின்றன, அதற்கென்றே 100.64 என்று தொடங்கும் ஒரு தொகுதியை 2012-ல் ஒதுக்கினார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கதவு எண்ணை மட்டும் சொல்லி வீட்டு எண்ணைச் சொல்லாத கதைதான். நொடி சரியாகத் தெரிந்து, போர்ட் எண்ணும் தெரிந்தால்தான் பதிவேட்டைப் புரட்டி ஆளைக் கண்டுபிடிக்கலாம். புரட்ட வேண்டிய பதிவேடோ மலை. இந்தியாவில் 2022 ஏப்ரலில் அரசின் கணினி அவசரக் குழுவான செர்ட்-இன் இட்ட உத்தரவுப்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வைத்திருப்பது வேறு, தேடிப் படிக்க ஆள் இருப்பது வேறு.

சரி, ஆள் கிடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஜவுளிக்கடை முதலாளி. கல்லாவுக்கு மேலே ஒரு கேமரா. ‘உங்கள் கேமரா அமெரிக்காவில் ஒரு கம்பெனியைத் தாக்குகிறது’ என்று சேவை நிறுவனத்து ஊழியர் கூப்பிட்டுச் சொன்னால், ‘படம் நல்லாத்தானே தெரியுது’ என்பார். அவர் சொல்வதும் சரி. கேமரா அவருக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றச் சொன்னால், சில மாடல்களில் மாற்றும் வழியையே தயாரிப்பாளர் கொடுத்திருக்க மாட்டார். அந்த ஒரு அழைப்புக்கு ஆகும் ஊழியர் நேரம், அவர் கட்டும் மாதக் கட்டணத்தில் நிறுவனத்துக்கு மிஞ்சுவதைத் தின்றுவிடும். அதற்குமேல் இணைப்பைத் துண்டித்தால் அவர் எதிர்க்கடை நிறுவனத்திடம் போய்விடுவார். பொய் முகவரி போய் உண்மை முகவரி வந்தும் கணக்கு மாறவில்லை என்பதைத்தான் இது காட்டுகிறது. அப்போது நோவில்லாதவர் சேவை நிறுவனம். இப்போது அவரோடு கேமராக்காரரும் தயாரிப்பாளரும் சேர்ந்துகொண்டார்கள். ஆகவே மூன்றாவது ஆட்சேபம் வாதத்தை உடைக்கவில்லை, விரிக்கிறது.

பெரிய கவச நிறுவனங்கள் இருக்கின்றனவே, வெள்ளத்தை அவை வாங்கிக்கொள்ளட்டும் என்பது அடுத்த ஆட்சேபம். வாங்கிக்கொள்கின்றன. கிட்ஹப்பைப் பத்து நிமிடத்தில் எழுப்பி நிறுத்தியது அப்படி ஒரு கவசம்தான். ஆனால் டெராபிட் கணக்கில் வெள்ளத்தைத் தாங்கக்கூடியவை உலகில் விரல்விட்டு எண்ணும் அளவே. சிறு பத்திரிகை, சிறு கடை, சிறு நாட்டின் அரசுத் தளம் எல்லாம் அவற்றின் குடைக்குக் கீழே போய் ஒதுங்க வேண்டியதாகிறது. யாருக்குக் குடை, யாருக்கு மழை என்று முடிவு செய்யும் அதிகாரம் சில அலுவலகங்களில் சேருகிறது. கொசுவை ஒழிக்காமல் ஊருக்கெல்லாம் கொசுவலை விற்கும் ஏற்பாடு இது. வலை விற்பவர்மேல் குற்றமில்லை.

நோவைப் பிறந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிய ஏற்பாடுகள் சில உண்டு. அவை பலித்தும் இருக்கின்றன. தொண்ணூறுகளில் மின்னஞ்சல் சர்வர்கள் யார் கொண்டுவந்து கொடுத்தாலும் கடிதத்தை வாங்கி அனுப்பும், அது மரியாதை. எரிதக்காரர்கள் அந்த மரியாதையில் குளிர்காய்ந்தார்கள். சர்வரை மூடச் சொல்லி வேண்டிக்கொண்டதில் பெரிய பலனில்லை. 1997-ல் பால் விக்ஸி தொடங்கிய கறுப்புப் பட்டியல் வேறு வழியைப் பிடித்தது: எரிதத்தை அனுப்பும், அதற்கு இடம் தரும் சர்வர்களின் முகவரிகளைப் பட்டியலிடுவது, விரும்பியவர்கள் அந்த முகவரிகளிலிருந்து வரும் அஞ்சலை மறுத்துக்கொள்ளலாம். நிர்வாகியின் சொந்த முதலாளி அனுப்பிய கடிதமே திரும்பி வந்தபோது சர்வர்கள் மூடப்பட்டன. 2008 நவம்பர் 11 அன்று கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இயங்கிய மெக்கோலோ என்ற சர்வர் வாடகை நிறுவனத்தை, அதற்கு இணைப்புத் தந்த இரண்டு நிறுவனங்களும் ஆதாரங்களைப் பார்த்துத் துண்டித்தன. உலக எரிதத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் காணாமல் போனது. சில மாதங்களில் எரிதம் வேறு இடங்களிலிருந்து திரும்பி வந்துவிட்டது உண்மை. ஆயினும் அன்று வேலை செய்தது கோர்ட்டோ புதிய கருவியோ அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் முகம் திருப்பிக்கொண்டதுதான்.

இது நாட்டாண்மைத் தீர்ப்பு அல்லவா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. தனியார் வைத்திருக்கும் பட்டியலில் தவறாக ஏறியவர் யாரிடம் முறையிடுவது? ஒரே முகவரிக்குப் பின்னால் பலர் நிற்கும் இந்தக் காலத்தில், ஒருவர் செய்த தவறுக்கு ஒரு தெருவே தள்ளிவைக்கப்படலாம். ஸ்பாம்ஹாஸ் என்ற பட்டியல் அமைப்பின்மீது அமெரிக்க நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டு, 2006-ல் எதிர்த்தரப்பு ஆஜராகாத நிலையில் 1.17 கோடி டாலர் நஷ்டஈட்டுத் தீர்ப்பு வாங்கியது. மேல்முறையீடுகளில் அந்தத் தொகை 2011-ல் மூன்று டாலராகச் சுருங்கியது. அதே அமைப்பின்மீது 2013 மார்ச்சில், டி.என்.எஸ். சர்வர்களை வைத்துப் பெருக்கிய பொய் முகவரி வெள்ளம் பாய்ந்தது. பட்டியல் வலிக்கிறது என்பதற்கு இரண்டும் சான்று. வலிக்கும் கருவி தவறிப் படவும் செய்யும். அதனால் முறையீட்டுக்கு வழியும், என்ன காரணத்துக்காக ஏற்றினோம் என்ற வெளிப்படைத்தன்மையும் இல்லாத பட்டியலை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் வலிக்காத கருவி எதையும் மாற்றியதற்குச் சான்று குறைவு.

இன்னொரு பக்கச் சான்று, எந்த முகவரிக்கு எந்த வழி என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் வழிகாட்டும் அட்டவணைகளின் கதை. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் போட்ட பொய் வழி, அதன் மேல்நிலை நிறுவனம் சரிபார்க்காததால் உலகமெங்கும் கசிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் யூடியூபுக்குப் போக வேண்டிய பாக்கெட்டுகள் பாகிஸ்தானுக்குப் போய் மாண்டன. இதைத் தடுக்க வந்த, முகவரித் தொகுதிகளுக்கு மின்-கையெழுத்திடும் ஆர்.பி.கே.ஐ. அமைப்பும் நிறுவனங்கள் தாமாக வேலை செய்து போட வேண்டிய ஒன்றுதான், செலவும் கொஞ்சநஞ்சமல்ல. இருந்தும் 2024-ல் உலக ஐ.பி. நான்காம் பதிப்பு வழிகளில் பாதிக்கு மேல் கையெழுத்தின்கீழ் வந்துவிட்டன. இங்கே கையெழுத்திடுபவர் காப்பது தன் சொந்த முகவரியை. அனுப்புநர் வடிகட்டியைவிட மிகச் சிக்கலான வேலை, அதைவிடப் பிந்திப் பிறந்தது, ஆனாலும் முன்னேறியது. பொறியியல் கடினம் என்ற வாதத்தை இந்த ஒப்பீடு சாய்த்துவிடுகிறது.

சட்டத்தால் கணக்கை மாற்ற முடியுமா? ஓரளவு முடியும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பது சட்டத்துக்கு மாறானது; கலிஃபோர்னியாவில் 2020 முதலே அதுபோன்ற சட்டம் உண்டு. மிராய் பட்டியலிலிருந்த கடவுச்சொற்களின் சொந்தக்காரர்களுக்கு, அதாவது தயாரிப்பாளர்களுக்கு, இப்போதுதான் நோவு எட்டுகிறது. ஆனால் பாக்கெட்டுகளுக்கு நாட்டு எல்லை கிடையாது, பொய்யை வெளியே விடும் நெட்வொர்க்குகள் சட்டம் எட்டாத இடத்தில் கூடாரம் போடும். வடிகட்டு என்று அரசு கட்டளையிடத் தொடங்கினால் எதை வடிகட்டுவது என்பதும் அரசின் கைக்குப் போகும். பாகிஸ்தானின் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் தொடங்கியது.

அதிகம் பேசப்படாத இன்னொரு வழி இருக்கிறது. என் பார்வையில் மற்றெல்லாவற்றையும்விட அதிக வேலையை அதுதான் முடித்திருக்கிறது. கேபிள் டிவிக் கம்பிவழி இணையம் தரும் டாக்சிஸ் என்ற தரத்தின் 3.0 பதிப்பை எழுதியபோது, வாடிக்கையாளரின் அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்கும் வசதியைக் கட்டாயமாக்கியதோடு, இயந்திரம் பெட்டியைவிட்டு வெளியே வரும்போதே அது இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். வேண்டாம் என்பவர் தேடிப் போய் அணைக்க வேண்டும். கிட்ஹப்மீது வெள்ளம் பாய்ந்ததற்கு முந்தைய நாள் வெளியான மெம்கேஷ்ட் 1.5.6 பதிப்பும் அதையேதான் செய்தது: ஒரு கேள்வி ஒரு பதில் வழியைத் தானாகவே மூடிவைத்தது. மருந்து சாப்பிட மறுப்பவரிடம் வாதாடிக்கொண்டிருக்காமல் உப்பில் அயோடினைக் கலந்து விற்றதைப்போல. அப்படிப்பட்ட கேபிள் இணைப்பு உள்ள ஒரு வீட்டில் இன்று ஒரு கெட்டுப்போன கணினி இன்னொருவர் முகவரியைப் போட்டுப் பாக்கெட் அனுப்பினால், தெருமுனைக்குச் சற்று அப்பால் உள்ள இயந்திரம் 13 முதல் 16 வரையிலான பைட்டுகளைப் பார்த்துவிட்டு அதைக் கீழே போடும். அந்த வீட்டுக்காரருக்கும் தெரியாது, பெரும்பாலும் அந்த நிறுவனத்துப் பொறியாளருக்கும் தெரியாது.